இரண்டு அங்குலம்

சிப்காட் கம்பெனி வரவேற்பறையில்
மூன்று நாற்காலி, ஒன்றுக்குக் கால் ஆட்டம்.
மர்செலின் எனக்கு முன்னாலேயே வந்து
ஆடாததாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.
அவள் மடியில் நீலக் கோப்பு, என் மடியில் மெரூன்.
உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்:
காசில்லாமல் தேதி மாற்றலாம்,
ஐந்து கிலோ கூடுதலாய்த் தூக்கலாம்,
வரிசையில் நிற்காமல் முதலில் ஏறலாம்,
உப்புமா இலவசம்.
என்னிடம் மட்டும், முன் வரிசையில்
முழங்காலுக்கு இரண்டு அங்குலம் அதிகம்.
காட்டுவதற்கென்றே ஸ்கேல் கொண்டுவந்திருந்தேன்,
மகளுடையது, பூனை ஸ்டிக்கர் ஒட்டியது.

ஜன்னல் சாத்தியிருந்தும் நாற்றம் வந்தது,
அழுகிய முட்டையில் நெயில் பாலிஷ் ஊற்றின மாதிரி.
பத்து நிமிஷத்தில் பழகிடும் என்றாள் மர்செலின்.
ஏழிலேயே பழகிவிட்டது.
அதுதான் பயமாக இருந்தது.

கலியபெருமாள் சார் இருவரையும் ஒன்றாகவே கூப்பிட்டார்.
"தனித்தனியாக் கூப்பிட்டா
அதையே ரெண்டு தரம் கேக்கணும்."

மாசம் பதினெட்டு டிக்கெட்,
பாதிக்கு மேல் வதோதரா.
சாயப்பொடி விற்கப் போகிற பையன்கள்,
நகக்கண்ணில் எப்போதும் மஞ்சள்.
அந்தப் பதினெட்டுக்காக என் மேனேஜர்
நேற்று நள்ளிரவில் 'விட்டுடாதீங்க' என்று
மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தார்.

ஸ்கேலை மேஜைமேல் வைத்தேன்.
பூனையைத்தான் அதிக நேரம் பார்த்தார்.
மர்செலின் பாயிண்டைப் பற்றி ஆரம்பித்தாள்,
சேரச் சேர வெள்ளி, பிறகு தங்கம்...
"நாப்பத்தோராயிரம் வச்சிருந்தேம்மா.
ரிட்டயர் ஆனதும் வீட்டுக்காரியோட காசிக்குன்னு.
மார்ச்சோட காலாவதின்னு மெசேஜ் வந்துச்சு.
உங்க கம்பெனிதான்."
அவள் நீலக் கோப்பை மெதுவாக மூடினாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
எங்களுடையதும் மார்ச்தான்.

"காலைல ஆறு நாப்பதுக்கு மீனம்பாக்கத்துல ஏறணும்னா
எங்காளு ராத்திரி ஒரு மணிக்கே கெளம்பறான்.
பெல்ட்டைப் போட்டதும் தூங்கிடறான்.
தூங்கறவனுக்கு ரெண்டு அங்குலம் எதுக்கும்மா?
பத்து மணிக்கு ஒண்ணு விடுங்க.
உப்புமாவை நீங்களே சாப்பிடுங்க."

நேரம் எங்கள் கையில் இல்லை சார் என்றேன்.
மர்செலினும் அதையே சொன்னாள்,
அதே சொல், அதே தலைசாய்ப்பு.
"லாஸ்பேட்டையிலேர்ந்து?"
வரும் சார் என்றோம், இருவரும்.
"வரும். அப்புறம் நிக்கும்" என்று எழுந்துகொண்டார்.
மெயில் போடுகிறாராம்.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு தனியார் பஸ்,
இரண்டும் உறுமிக்கொண்டு நின்றன.
"பாண்டி பாண்டி, இப்ப எடுத்துடுவோம்."
"அவன் ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிப்பான்க்கா, இதுல ஏறுங்க."
ஒருவன் என் பையைப் பிடித்தான்,
இன்னொருவன் பாட்டை மாற்றினான்.

மர்செலின் பேசவில்லை. சுற்றிப் போய்
ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை வீசினாள்.
இருவர் சீட்டில் விழுந்தது.
நாங்கள் ஏறிச் சேர்வதற்குள் பஸ் நிறைந்திருந்தது.
பலாப்பழத்தோடு ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள்,
இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண்.
கைக்குட்டையை யாரும் நகர்த்தியிருக்கவில்லை.

ஆல்பேட்டை தாண்டியதும், அந்த ஸ்கேலை எடு என்றாள்.
முழங்காலுக்கும் முன்சீட்டுக் கம்பிக்கும் நடுவே வைத்தேன்.
பூனை வரைக்கும்கூட நுழையவில்லை.
"மைனஸ்" என்றாள்.
அப்போதுதான் சிரித்தோம், பலாப்பழக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

ரெட்டிச்சாவடியில் இருவர் போனும்
ஒரே சமயத்தில் அதிர்ந்தன.
யாரும் எடுக்கவில்லை.
பின்னால் வந்த பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே
எங்கள் பக்கவாட்டில் வர,
டிரைவர் கண்ணாடியைப் பார்த்து
கியரை மாற்றினார்.